ஹெம்ப் விதை முதன்முதலாக வாங்குகிறீர்களா? இதைப் படித்துவிட்டு வாங்குங்கள்

எங்கள் அம்மாவுக்கு 64 வயது. சுத்த சைவம், பால் குடித்தால் வயிறு உப்பிக்கொள்ளும். போன வருடம் தை மாதம் ரத்தப் பரிசோதனை முடிவைப் பார்த்த டாக்டர், புரதம் போதவில்லை, நல்ல கொழுப்பும் கொஞ்சம் சேருங்கள் என்றார். பருப்பும் சுண்டலும் வீட்டில் ஏற்கெனவே உண்டு. கூடுதலாக என்ன தரலாம் என்று தேடியபோது, உறவுக்காரப் பெண் ஒருத்தி ஹெம்ப் விதையைப் பற்றிச் சொன்னாள். கஞ்சா இனச் செடியின் விதைதான், ஆனால் போதை தராது, உணவாகச் சாப்பிடுகிற எண்ணெய்வித்து. சரி, ஒரு பாக்கெட் வாங்கிப் பார்ப்போம் என்று இறங்கினேன். சரியான பொருள் கைக்கு வந்து சேர இரண்டரை மாதம் ஆயிற்று. அதற்குள் 2,300 ரூபாய் வரை வீணாகியிருந்தது. முதலில் வந்தது வேறு செடியின் விதை. அடுத்தது கெட்டுப்போன எண்ணெய். அதற்கடுத்தது பல்லில் மாட்டுகிற தோல் விதை. நான்காவது முறைதான் அம்மா சாப்பிடக்கூடியதாக வந்தது.

அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். வரிசையாகச் செய்தால் பத்து நாளில் முடிகிற வேலை.

1. பெயரைச் சரியாகச் சொல்லுங்கள்

முதல் பள்ளம் இங்கேதான். தமிழில் ஹெம்பை "சணல்" என்று எழுதுகிறார்கள். ஆனால் சணல் என்றால் நமக்குச் சாக்குப்பை நெய்கிற செடி. விதைக்கடைக்காரருக்கோ சணல் விதை என்றவுடன் சணப்பை ஞாபகம் வரும். வயலில் விதைத்துப் பூத்ததும் மடக்கி உழுகிற பசுந்தாள் உரச் செடி. நான் சணல் விதை என்று கேட்டதற்கு அவர் அளந்து கொடுத்தது அந்தச் சணப்பை விதையைத்தான். அவர் மேல் தப்பே இல்லை, நான் கேட்டது தப்பு.

இது சாதாரணக் குழப்பம் இல்லை. சணப்பை விதையில் கல்லீரலைக் கெடுக்கும் நச்சு உண்டு. சாக்குச் சணலின் விதையில் இதயத்தைப் பாதிக்கும் நச்சு உண்டு. இரண்டுமே தின்னக்கூடாதவை. போதாக்குறைக்கு, விதைப்புக்கு விற்கும் விதைகளில் பூஞ்சைக்கொல்லி தடவியிருக்கலாம். விதைக்கடையிலிருந்து உணவுக்கு எதையும் வாங்காதீர்கள்.

அடையாளம் எளிது. சணப்பை விதை கருமையாக, சிறுநீரக வடிவில், வழவழப்பாக இருக்கும். முழு ஹெம்ப் விதை உருண்டையாக, மிளகை விடச் சிறியதாக, சாம்பலும் பழுப்பும் கலந்து, மேலே மெல்லிய கோடுகளோடு இருக்கும். தோல் நீக்கியது வெள்ளை எள்ளைப் போலத் தெரியும். ஆனால் எள்ளை விட உருண்டை, நகத்தால் அழுத்தினால் நசுங்கும், அங்கங்கே பச்சைப் பொட்டு இருக்கும்.

கடையில் "ஹெம்ப் சீட்" என்றே கேளுங்கள். தோல் நீக்கியதென்றால் "ஹெம்ப் ஹார்ட்ஸ்". வட இந்தியக் கடைகளில் "பாங் கே பீஜ்" என்பார்கள். "பங்ஜீரா" என்று இன்னொன்றும் அங்கே விற்கிறது. அது வேறு செடி, பெயர் மட்டும்தான் ஒட்டியிருக்கிறது.

2. இது சட்டப்படி சரிதானா என்று வீட்டில் கேட்பார்கள்

கேட்கட்டும், நியாயமான கேள்விதான். ஹெம்பும் கஞ்சாவும் ஒரே இனச் செடி. போதை தருவது டி.எச்.சி. என்ற பொருள். அது பூத்தலையின் பிசினில் இருக்கிறது, விதைக்குள் இல்லை. அறுவடையின்போது விதையின் மேல்தோலில் கொஞ்சம் பிசின் ஒட்டிக்கொள்ளலாம், அவ்வளவுதான். தோல் நீக்கிய விதையில் அதுவும் குறைந்துவிடும்.

1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம், கஞ்சா என்பதைப் பூக்கும் அல்லது காய்க்கும் தலைப்பகுதி என்றே வரையறுக்கிறது. அந்தத் தலைப்பகுதி சேராத விதையும் இலையும் அந்த வரையறைக்குள் வராது. 2021 நவம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ., ஹெம்ப் விதை, விதை எண்ணெய், விதை மாவு மூன்றையும் உணவாக விற்க வரையறை வகுத்தது. ஆகவே ஒழுங்கான பாக்கெட்டில் வாங்கிச் சாப்பிடுவதில் தவறே இல்லை.

இரண்டு எச்சரிக்கை. முழு விதை கிடைத்தால் தொட்டியில் போட்டுப் பார்க்கலாம் என்று யாரும் ஆசைப்படாதீர்கள். அனுமதியின்றி அந்தச் செடியை வளர்த்தால் பத்து ஆண்டு வரை கடுங்காவல். இன்னொன்று, உத்தரகண்ட் பக்கம் சுற்றுலா போகிறவர்கள் சந்தையில் குவித்துவைத்திருக்கும் விதையை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வர வேண்டாம். அதில் உலர்ந்த பூத்தலைத் துணுக்கு கலந்திருந்தால், ரயிலில் சோதனை வரும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

3. உங்களுக்குத் தேவையா என்று கணக்குப் போடுங்கள்

தோல் நீக்கிய ஹெம்ப் விதை 30 கிராம், அதாவது குவியாத மூன்று மேசைக்கரண்டி எடுத்துக்கொண்டால் அதில் சுமார் 9.5 கிராம் புரதம், 14.5 கிராம் கொழுப்பு, 166 கலோரி. மக்னீசியம் 210 மில்லிகிராம். ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு வேண்டியதில் பாதிக்கு மேல். இரும்பு இரண்டு மில்லிகிராமுக்குக் கொஞ்சம் கூட, துத்தநாகம் மூன்று. கொழுப்பில் பெரும்பகுதி ஒமேகா 6, ஒமேகா 3 வகை. இரண்டும் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று என்ற அளவில் இருக்கின்றன. நாம் ஊற்றுகிற சூரியகாந்தி எண்ணெயில் ஒமேகா 3 அநேகமாக இல்லவே இல்லை. அந்த வகையில் இது நல்ல வரவு.

உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியர்களுக்கான பரிந்துரை. 55 கிலோ எடையுள்ள அம்மாவுக்கு நாளொன்றுக்கு 46 கிராம். மூன்று வேளை உணவையும் எழுதிக் கூட்டிப் பார்த்தபோது 36 தாண்டவில்லை. பத்து கிராம் இடைவெளி. உங்கள் வீட்டிலும் முதலில் இந்தக் கணக்கைப் போடுங்கள். ஏற்கெனவே தேவையான அளவு வந்துவிட்டால் இந்தச் செலவு வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயங்களை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது. ஹெம்ப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பிலும் கடலையிலும் அது நிறைய உண்டு. ஆகவே பருப்பை நிறுத்திவிட்டு இதைச் சாப்பிடாதீர்கள், பருப்போடு சேர்த்துச் சாப்பிடுங்கள். அடுத்து, இதிலுள்ள ஒமேகா 3 தாவர வகை. மத்தி, அயிலை மீன்களில் கிடைக்கும் வகையாக உடம்பு அதை மாற்றுவது மிகக் குறைந்த அளவில்தான். மீன் சாப்பிடுகிறவர்கள் ஒமேகா 3க்காக இதைத் தேடிப் போக வேண்டியதில்லை.

வலி போகும், தூக்கம் வரும், புற்றுநோய் தீரும் என்றெல்லாம் விளம்பரம் பார்ப்பீர்கள். அப்படிச் சொல்வதெல்லாம் அதே செடியிலுள்ள சி.பி.டி. என்ற வேறொரு பொருளைப் பற்றி. விதையில் அது பெயரளவுக்குத்தான் இருக்கிறது. எள், நிலக்கடலை வரிசையில் இதுவும் ஒரு நல்ல எண்ணெய்வித்து. அந்த எதிர்பார்ப்போடு வாங்கினால் ஏமாற்றம் இருக்காது.

4. டாக்டரிடம் போகும்போது எடுத்துச் செல்ல வேண்டியவை

இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் சீட்டு, கடைசி ஆறு மாதத்துக்குள் எடுத்த ரத்தப் பரிசோதனை அறிக்கை, விதை பாக்கெட்டின் பின்பக்கப் படம். இந்த மூன்றும் இருந்தால் ஐந்து நிமிடத்தில் பதில் கிடைத்துவிடும். அடுத்த வழக்கமான சந்திப்பிலேயே கேட்டால் தனிக் கட்டணமும் மிச்சம்.

சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் கேட்காமல் தொடவே கூடாது. 100 கிராம் விதையில் பொட்டாசியம் சுமார் 1,200 மில்லிகிராம், பாஸ்பரஸ் 1,650 மில்லிகிராம். அவர்கள் அளந்து சாப்பிட வேண்டிய இரண்டும் இதில் அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்களும் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். எள், கடலை போன்ற வித்துகளுக்கு ஒவ்வாமை உள்ளவர்களும்தான்.

5. நான்கு வடிவத்தில் எதை வாங்குவது?

தோல் நீக்கிய விதையை வாங்குங்கள். முதல்முறை வாங்குகிறவர்களுக்கு வேறு எதையும் நான் சொல்லமாட்டேன்.

முழு விதை விலை குறைவு, நார்ச்சத்தும் அதிகம். ஆனால் தோல் கடினம். அம்மா ஒரு கரண்டி வாயில் போட்டுக் கடித்ததும் கட்டுப்பல்லைக் கழற்றிக் கழுவ வேண்டியதாயிற்று. சில்லுச் சில்லாக ஈறில் ஏறிவிடுகிறது. வறுத்து அரைத்து வடிகட்டத் தெரிந்தவர்களுக்கு மட்டுமே முழு விதை.

எண்ணெயை இரண்டாம் கட்டத்துக்கு வையுங்கள். நல்ல எண்ணெய் கரும்பச்சையாக, பச்சைக் கடலையும் புல்லும் கலந்த மணத்தோடு இருக்கும். எனக்கு வந்த குப்பியைத் திறந்ததும் பழைய பெயிண்ட் டப்பாவின் வாடை அடித்தது. வெள்ளைக் கண்ணாடிக் குப்பி. எத்தனை நாள் வெளிச்சத்தில் இருந்ததோ. கருங்குப்பியில் இல்லாத எண்ணெயை வாங்காதீர்கள். தாளிக்கவும் பொரிக்கவும் இது ஆகாது, சூடு தாங்காது. சாதத்தில் பிசைய, சாலட்டில் ஊற்ற மட்டும்.

புரத மாவு என்பது எண்ணெய் பிழிந்த பிண்ணாக்கை அரைத்துச் சலித்தது. புரதம் அதிகம். ஆனால் நாக்கில் மணல்போல நெருடும், பச்சை மண் வாசனை வேறு. அம்மா இரண்டாம் நாளே வேண்டாம் என்றுவிட்டாள்.

ஒரு பெரிய பொறி உண்டு. இணையக் கடைகளில் ஹெம்ப் விதை எண்ணெய்க்குப் பக்கத்திலேயே "விஜயா" என்ற பெயரில் இலைச்சாறு எண்ணெயும் வரும். படத்தில் இரண்டும் ஒரே மாதிரிக் குப்பி. விஜயா என்பது கஞ்சா இலைக்கு ஆயுர்வேதப் பெயர். அது மருந்து, மருத்துவர் சீட்டோடு வாங்க வேண்டியது. சமையலறையில் அதற்கு வேலையில்லை. மருத்துவர் சீட்டு கேட்கிறார்கள் என்றால் நீங்கள் தவறான பக்கத்தில் நிற்கிறீர்கள் என்று புரிந்துகொண்டு வெளியே வந்துவிடுங்கள்.

6. பாக்கெட்டில் பார்க்க வேண்டியவை, கேட்டு வாங்க வேண்டிய காகிதங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போனதால்தான் எனக்கு அதிகப் பணம் போயிற்று.

முதலில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண். அதை ஆணையத்தின் ஃபாஸ்காஸ் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். நிறுவனத்தின் பெயரும் உரிமம் நடப்பில் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. நான் பார்த்த ஒரு பாக்கெட்டின் எண்ணில் 13 இலக்கம்தான் இருந்தது.

பிறகு படத்தைப் பாருங்கள். உணவாக விற்கும் ஹெம்ப் பாக்கெட்டில் செடியின் இலைப்படம் போடக்கூடாது, போதை தரும் என்ற தொனியில் எதுவும் எழுதக்கூடாது. ஐந்து விரல் இலையைப் பெரிதாகப் போட்டிருக்கும் பாக்கெட் விதியைப் படிக்காதவர் தயாரித்தது. அதை வாங்காதீர்கள்.

மூன்றாவது, ஆய்வக அறிக்கை. விற்பவருக்கு ஒரு வரி எழுதினால் நல்ல நிறுவனங்கள் ஒன்றிரண்டு நாளில் அனுப்பிவிடும். அதில் டி.எச்.சி. அளவு விதையில் கிலோவுக்கு 5 மில்லிகிராமுக்குள்ளும் எண்ணெயில் 10 மில்லிகிராமுக்குள்ளும் இருக்க வேண்டும். சி.பி.டி. கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. எண்களைப் பார்த்தால் மட்டும் போதாது. அறிக்கையிலுள்ள தொகுதி எண்ணும் (பேட்ச் நம்பர்) உங்கள் பாக்கெட்டின் தொகுதி எண்ணும் ஒன்றா என்று பாருங்கள். எனக்கு ஒருவர் அனுப்பியது இரண்டு வருடப் பழைய அறிக்கை, வேறு தொகுதியுடையது. மறுபடி கேட்டேன், பதிலே இல்லை. அறிக்கை தராதவரிடம் வாங்கவே வேண்டாம்.

தயாரித்த தேதி மூன்று மாதத்துக்குள் இருந்தால் நல்லது. இணையத்தில் வாங்கும்போது இதை யாரும் காட்டுவதில்லை. அரட்டைப் பெட்டியில் கேட்டுப் பதிலைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பார்சலைப் பிரிக்கும்போது கைப்பேசியில் வீடியோ எடுங்கள். பில், தொகுதி எண், வீடியோ மூன்றும் இருந்தால் கெட்ட பொருளுக்குப் பணம் திரும்ப வாங்கலாம். விற்றவர் மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. நான் எண்ணெய்க் குப்பியை வீடியோ எடுக்காமல் பிரித்துவிட்டதால் அந்தப் பணம் வரவே இல்லை.

7. செலவு

நான் வாங்கியபோது தோல் நீக்கிய விதை கால் கிலோ 450 ரூபாய், அனுப்பும் கட்டணம் 60. மதுரைக்கு வந்து சேர ஏழு நாள். ஒரு நாளைக்கு 15 கிராம் என்றால் 27 ரூபாய், மாதம் 810. முப்பது கிராம் என்றால் இரட்டிப்பு.

அந்த 15 கிராமில் கிடைப்பது 4.7 கிராம் புரதம். அதே புரதம் அப்போது நிலக்கடலையில் சுமார் மூன்று ரூபாய்க்குக் கிடைத்தது. ஒமேகா 3 மட்டும்தான் வேண்டும் என்றால் ஆளி விதையில் இதைப்போல இரண்டு மடங்குக்கு மேல் உண்டு, விலையோ மிகக் குறைவு. கையில் காசு இழுபறி என்றால் நிலக்கடலையும் ஆளி விதையும் போதும், மனக்குறை வேண்டாம். பிறகு ஏன் நாங்கள் இதை வாங்குகிறோம்? அம்மாவுக்கு நிலக்கடலை நெஞ்சைக் கரிக்கிறது, ஆளி விதையின் கொழகொழப்பு பிடிக்கவில்லை. இது மென்மையாக இருக்கிறது, ஊறவைக்கவும் வறுக்கவும் வேண்டாம், புரதமும் மக்னீசியமும் ஒன்றாக வருகின்றன. அவளுக்கு அது ஒத்துவந்தது.

முதல் தடவை கால் கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள். கிலோ கணக்கில் தள்ளுபடி காட்டுவார்கள். முடிப்பதற்குள் சிக்கு வாடை வந்துவிடும்.

8. முதல் இரண்டு வாரம்

முதல் நாள் கால் தேக்கரண்டி. நாக்கு அரிப்பு, தடிப்பு ஏதும் இல்லையென்றால் மறுநாளிலிருந்து ஒரு தேக்கரண்டி, ஒரு வாரம். அடுத்த வாரம் ஒரு மேசைக்கரண்டி. எடுத்தவுடன் மூன்று கரண்டி போட்டால் வயிறு இளகிவிடும். பாதிக்குப் பாதி கொழுப்புள்ள பொருள் இது. வயதானவர்களுக்குக் காலை, மதிய உணவோடு கொடுங்கள்.

9. நம் சமையலில் எங்கே சேரும்?

இட்லிப் பொடியில்தான் இது அருமையாகச் சேர்ந்தது. உளுந்து, கடலைப்பருப்பு, மிளகாய், பெருங்காயம் வழக்கம்போல வறுத்து ஆறவைத்து அரையுங்கள். எல்லாம் பொடியான பிறகு, கடைசியில், வறுக்காத ஹெம்ப் விதையைப் போட்டு இரண்டே சுற்று. மூன்றாவது சுற்று ஓடினால் எண்ணெய் கக்கி, பொடி ஜாரின் அடியில் விழுதாக அப்பிக்கொள்ளும். எனக்கு முதல் தடவை அப்படித்தான் ஆயிற்று, கத்தியால் சுரண்டி எடுத்தேன். ஒரு கப் பருப்புக்கு அரை கப் விதை சரியான அளவு. லைசின் குறையைப் பருப்பு ஈடுகட்டிவிடுகிறது. பத்து நாளுக்கு ஆகிற அளவு மட்டும் செய்து குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள்.

குருமாவுக்கு முந்திரி, கசகசா அரைக்கும் இடத்தில் இதைப் போடலாம், வித்தியாசமே தெரியாது. பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் கால் கப் விதைக்கு இரண்டரை கப் தண்ணீர் விட்டு அரைத்தால் வெண்மையான பால் கிடைக்கும், வடிகட்டக்கூட வேண்டாம். ஆனால் பசும்பாலிலுள்ள கால்சியம் இதில் இல்லை. அதற்குக் கேழ்வரகையும் கீரையையும் விட்டுவிடாதீர்கள்.

முழு விதை கையில் மாட்டிக்கொண்டவர்களுக்குக் குமாவுன் மலைக்காரர்களின் வழி இருக்கிறது. உத்தரகண்டில் பாங் விதைச் சட்னி அன்றாடச் சாப்பாடு. வெறும் வாணலியில் விதையைப் படபடவென்று வெடிக்கும்வரை வறுத்து, காய்ந்த மிளகாய், சீரகம், உப்பு, புதினா சேர்த்து அரைத்து எலுமிச்சை பிழிகிறார்கள். நாம் அரைக்கும்போது தண்ணீர் கூட்டி ஒருமுறை வடிகட்டிவிட்டால் சில்லு தங்காது. வடித்த பாலைச் சேப்பங்கிழங்குக் குழம்பில் ஊற்றுவதும் அவர்கள் பழக்கம். நான் செய்து பார்த்தேன், தேங்காய்ப்பாலுக்கும் எள்ளுக்கும் நடுவான ஒரு ருசி.

10. கெடாமல் வைப்பது

பிரித்த அன்றே கண்ணாடிப் புட்டிக்கு மாற்றி, மூடி இறுக்கிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். மூடிமேல் பிரித்த தேதியை எழுதி ஒட்டுங்கள். விதையை இரண்டு மாதத்துக்குள், எண்ணெயை ஆறு வாரத்துக்குள் முடியுங்கள். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் அலமாரியில் வைத்தால் மூன்றே வாரம்தான் தாங்கியது. நாக்கின் பின்பக்கம் கசப்பும் காறலும் தட்டினால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள்.

11. வெளிநாடு போகிறவர்கள், கப்பல் வேலைக்காரர்கள்

வேலையில் போதைப்பொருளுக்கான சிறுநீர்ப் பரிசோதனை இருக்கிறவர்கள், அதாவது கப்பலில் ஏறுகிறவர்கள், விமானத் துறையினர், போட்டிகளில் ஓடுகிறவர்கள் எல்லாரும் இதைத் தவிர்த்துவிடுவதுதான் நல்லது. விதையில் ஒட்டியிருக்கும் டி.எச்.சி. துளியளவுதான், ஆனால் ஒரு பாக்கெட் சரியில்லாமல் போனால் வேலையே கேள்விக்குறி.

சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் இதைப் பெட்டியில் வைக்கவே வைக்காதீர்கள். பொடியில் கலந்திருந்தாலும், பில் கையில் இருந்தாலும் வேண்டாம். கசகசாவையே அமீரகத்துக்குக் கொண்டுபோகத் தடை. சிங்கப்பூரில் டி.எச்.சி. முதல் வகுப்புப் போதைப்பொருள். தம்பி சிங்கப்பூர் கிளம்பிய அன்று, அவனுக்குப் பிடிக்குமே என்று அம்மா அந்த இட்லிப் பொடியை ஒரு டப்பா நிறைய அடைத்து, துணிகளுக்கு நடுவில் வைத்திருந்தாள். வண்டி ஏறுகிற நேரத்தில் தற்செயலாகச் சொன்னாள். வாசலிலேயே பெட்டியைத் திறந்து அதை எடுத்துவிட்டு எள்ளுப்பொடி டப்பாவை வைத்தோம். அன்றிலிருந்து ஹெம்ப் போட்ட பொடிக்குப் பச்சை மூடி, மற்றதற்கு வெள்ளை மூடி என்று பிரித்து வைத்திருக்கிறோம்.